ஐந்து வரிக்கு ஓர் உரை: வலிகாமத்துக் கிணறுகளும் முற்பரம்பல்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழையைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்தின் மிச்சமும் அதே வழியால்தான் இறங்குகிறது. கிணற்று நைத்திரேற்றுக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க ஒரு பேயிசியன் பிற்செலவு மாதிரியுருவை எழுதினேன். அதில் விளைவு மாறி, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்த நைத்திரேற்றின் இயற்கை மடக்கை. கீழுள்ள ஐந்து வரிகளும் தரவைத் தொடுமுன் எழுதிய முற்பரம்பல்கள். எண்கள் என் தெரிவு. அவற்றின் காரணம் சொல்வது இந்த உரை.

"வெட்டுத்துண்டு: செவ்வன் (3, 1)"

முதல் எண் இடை, அடுத்தது நியம விலகல். தோட்டத்தில் இல்லாத, சராசரி ஆழமும் மலகூடத் தூரமும் உள்ள வீட்டுக் கிணற்றின் கோடைத் தண்ணீரைப் பற்றியது இவ்வரி. மடக்கை 3 என்பது ஏறத்தாழ 20 மில்லிகிராம். இரண்டு விலகல் ஏறினால் 148, இறங்கினால் 3. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த 50 இந்த இடைவெளிக்குள் அடங்குகிறது.

"தோட்டக் கிணறு: செவ்வன் (0.7, 0.35)"

0.7 என்றால் இரு மடங்கு. தோட்டக் கிணற்றில் நைத்திரேற்று கூட என்பதை 1988இல் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' இதழில் நாகராஜாவும் துணைவர்களும் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே பேசிவருகிறோம். தெரிந்ததைத் தெரியாததுபோல 0 என்று எழுதுவது நடுநிலை ஆகாது. ஆனால் பிடிவாதமும் கூடாது: மாற்றமே இல்லை என்பதிலிருந்து நான்கு மடங்கு வரை 0.35 இடம் விடுகிறது.

"மலகூடத் தூரம், 10 மீற்றருக்கு: செவ்வன் (-0.2, 0.2)"

மலகூடக் குழி பத்து மீற்றர் தள்ளிப்போனால் நைத்திரேற்று ஐந்திலொரு பங்கு குறையும் என்பது எதிர்பார்ப்பு. அலகை மறந்தால் இவ்வரி பொய்யாகும். தூரத்தை அடியில் அளந்து வைத்துவிட்டு இதே -0.2ஐ எழுதினால் விளைவு 33 மடங்கு பெருத்துவிடும், அடிக்கு -0.006 என்றுதான் எழுத வேண்டும். எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று. வீட்டுக் கிணறு குழிக்குக் கிட்ட, தோட்டக் கிணறு எட்ட. இரண்டு மாறிகளும் ஒன்றாக அசைந்தால் தரவு அவற்றைப் பிரித்துச் சொல்லாது. அப்போது பழியைத் தோட்டத்துக்கும் குழிக்கும் பங்கிடுவதில் முற்பரம்பலின் கை ஓங்கும். எல்லா மாறிக்கும் ஒரே பரம்பலைப் போட்டால், அந்தப் பங்கீட்டை யோசிக்காமலே செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

"மாரி: செவ்வன் (0, 0.5)"

மழைநீர் சேர்ந்தால் நைத்திரேற்று ஐதாகும். அதே மழைதான் செம்மண்ணில் கிடக்கும் உரத்தைக் கரைத்துச் சுண்ணக்கல் வெடிப்புகளால் கீழே இறக்குகிறது. ஐப்பசியில் முதல் மழையோடு அள்ளிய தண்ணீரும், மார்கழியில் கிணறு நிறைந்தபின் அள்ளிய தண்ணீரும் எதிரெதிராகப் பேசலாம். திசை தெரியாத இடத்தில் 0 நேர்மையான இடை. 0.5, இரு பக்கமும் இரண்டே முக்கால் மடங்கு வரை போக விடுகிறது. உண்மையில் மாரியை ஒரே மாறியாக வைத்ததே குறை. முன்மாரி, பின்மாரி என்று இரண்டாக்கி ஆளுக்கொரு வரி கொடுக்க வேண்டும்.

"ஆழம், மீற்றருக்கு: செவ்வன் (0, 0.1)"

இவ்வரியை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன். குணகங்களுக்கு நாமாக ஒன்றும் கொடுக்காவிட்டால், மாதிரியுருவைப் பொருத்தும் 'பிஆர்எம்எஸ்' பொதி தட்டையான முற்பரம்பலை எடுத்துக்கொள்ளும். அது எதையும் சொல்லாத பணிவு போலத் தெரியும். தட்டையைவிட எவ்வளவோ அடக்கமான செவ்வன் (0, 10)ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு விலகல் ஏறினாலே, மீற்றருக்கு 22,000 மடங்கு. 20 மில்லிகிராம் உள்ள கிணற்றை ஒரு மீற்றர் ஆழமாக்கினால் லீற்றருக்கு 440 கிராம் நைத்திரேற்று! அப்படியொரு தண்ணீரை நிலாவரைக் கிணற்றிலும் காணோம், கீரிமலைக் கேணியிலும் காணோம். 0.1 என்றால், ஐந்து மீற்றர் ஆழ வித்தியாசமுள்ள இரு கிணறுகளுக்கிடையே இரண்டே முக்கால் மடங்கு வரை ஒப்புக்கொள்கிறோம். அதற்கு மேலும் உண்டென்று போதிய கிணறுகள் சொன்னால் பிற்பரம்பல் அந்தப் பக்கம் நகரும். செவ்வன் பரம்பலின் வால் எந்த எண்ணையும் முற்றாக மறிப்பதில்லை.