கச்சத்தீவு தெரியும்... அதே வருஷம் பங்கு போட்ட ஒன்றரை லட்சம் பேரைத் தெரியுமா?

1/
கச்சத்தீவு நம்ம எல்லாருக்கும் தெரியும். 285 ஏக்கர். 1974 ஜூன். இந்திரா காந்தி - சிறிமாவோ பண்டாரநாயக்க. தேர்தல் வந்தா டீக்கடை வரைக்கும் இதே பேச்சுதான்.

அதே 1974 ஜனவரியில் அதே ரெண்டு தலைவர்கள் சேர்ந்து 1,50,000 மனுஷங்களை ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. உனக்கு 75,000, எனக்கு 75,000. இதைப் பத்தி யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க மக்களே.

2/
நம்ம ஏரியாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆவடின்னா டேங்க் ஃபேக்டரி ஞாபகம் வரும். ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே, 1955 ஜனவரியில், ஆவடி இந்தியா முழுக்கப் பேசப்பட்ட ஊர். காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. "சோஷலிச பாணி சமுதாயம்" நம் இலக்குன்னு தீர்மானம் போட்டது இந்த மண்ணில்தான். 1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாடு, காமராஜர் தலைவர். அங்கே அது "ஜனநாயக சோஷலிசம்" ஆச்சு.

3/
கடலுக்கு அந்தப் பக்கமும் இதே காத்துதான். 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமர் ஆனவர் சிறிமாவோ. 1964 ஜூனில் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியைக் கூட்டணியில் சேர்த்தார். அக்கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதி அமைச்சர்.

ஆக, ரெண்டு பக்கமும் தொழிலாளி பேரைச் சொல்லி ஆட்சி நடத்தின அரசுகள். பேச்சுவார்த்தை எதைப் பத்தி? தொழிலாளிகளை என்ன செய்யறதுன்னு!

4/
யார் அந்தத் தொழிலாளிகள்? வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து முதலில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவங்க. மலையகத் தமிழர்கள். இலங்கையின் ஏற்றுமதி வருமானமே இவங்க விரல் நுனியில்தான் நின்னது.

1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினாங்க. இன்னும் பல தொகுதிகளில் இவங்க ஓட்டு இடதுசாரிகளை ஜெயிக்க வெச்சது. ஆளுங்கட்சிக்கு அது உறுத்தியது.

5/
சுதந்திரம் வந்த அதே 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா, தாத்தா இலங்கையில் பிறந்ததுக்குச் சான்று காட்டுன்னாங்க. பிறப்பைப் பதிவு செய்யாத லயத்துக் குடும்பம் எங்கே போகும் சான்றுக்கு? பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போச்சு.

6/
நேரு என்ன சொன்னார்? அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க இலங்கையின் பொறுப்பு, எல்லாரையும் இந்தியா எடுத்துக்க முடியாதுன்னார். 1954-ல் கொத்தலாவலையோட ஒப்பந்தம் போட்டார். முடிச்சு அவிழவில்லை. 1964 மே 27-ல் நேரு மறைந்தார்.

7/
லால் பகதூர் சாஸ்திரி வந்தார். அப்போதைய நிலைமையையும் பார்க்கணும். 1962-ல் சீனாவோட போரில் அடி வாங்கிய இந்தியாவுக்கு, பக்கத்து நாடுகளோட நட்பு அவசரத் தேவை. அந்தப் போருக்குப் பிறகு ஆறு நாடுகளைக் கொழும்புக்குக் கூட்டி சமரசம் பேசியதே சிறிமாவோதான். அவரைப் பகைச்சுக்க டெல்லி தயாரா இல்லை.

8/
1964 அக்டோபர் 30. டெல்லி. சில நாள் பேச்சுக்குப் பிறகு கையெழுத்து. மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு.

இந்தியாவுக்கு 5,25,000.
இலங்கைக்கு 3,00,000.
மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கலாம்.
கெடு 15 வருஷம்.

அந்த "பிறகு பார்த்துக்கலாம்"தான் முதலில் சொன்ன 1974 கணக்கு.

அப்போ நம்ம முதலமைச்சர் எம். பக்தவத்சலம். பூந்தமல்லி பக்கத்து நசரத்பேட்டையில் பிறந்தவர். வர்ற ஜனங்களுக்குச் சோறும் வேலையும் தரவேண்டியது சென்னை மாகாணம்தான்.

9/
நாங்க ஒரு சின்னக் கட்டியை அறுக்கணும்னாலும் நோயாளிகிட்ட விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்காம கத்தியைத் தொட மாட்டோம். இங்கே ஒன்பதே முக்கால் லட்சம் பேரோட வாழ்க்கையை அறுத்தாங்க. அவங்க சார்பா யாரும் கையெழுத்துப் போடலை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார். எடுபடலை.

விண்ணப்பம் போட அனுமதி இருந்ததேன்னு கேப்பீங்க. இருந்தது. ஆனா யாருக்கு எத்தனைன்னு முடிவு பண்ணின பிறகுதான் விண்ணப்பமே.

சாஸ்திரி பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். பதினாறு வருஷம் எந்த நாடும் இல்லாம கிடந்தவங்களுக்கு ஏதோ ஒரு நாடு கிடைக்கும்னு வழி பிறந்தது அப்போதான். அதுக்குக் கொடுத்த விலைதான் பெருசு.

10/
கையெழுத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகலை. டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிஞ்சது. அதே டிசம்பரில் சிறிமாவோ அரசு நாடாளுமன்றத்தில் தோத்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தார். ஒப்பந்தத்தை நிறைவேத்தும் சட்டம் இலங்கையில் வந்தது 1967-ல்தான்.

11/
அப்புறம் கப்பல். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். மலையகத்திலிருந்து தலைமன்னார் போற ரயிலுக்கு அங்கே "அழுகைக் கோச்சி"ன்னு பேர். அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கச்சி இலங்கைப் பிரஜை. ஒரே லயத்தில் வளர்ந்தவங்க ஸ்டேஷனில் பிரிஞ்சாங்க.

12/
இங்கே என்ன கிடைச்சது? நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் (டான்டீ), கன்னியாகுமரியில் ரப்பர் தோட்டம், சிலருக்கு நூற்பாலை வேலை. நிறைய பேருக்குத் தொழில் கடன். பிறந்ததிலிருந்து கொழுந்து மட்டுமே பறிச்சவங்ககிட்ட "கடை வெச்சுப் பொழைச்சுக்கோ"ன்னா எப்படி? கடன் பணம் கரைஞ்சது. கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமையா சிக்கினவங்களும் உண்டு.

அங்கே "கள்ளத்தோணி", "தோட்டக்காட்டான்". இங்கே "சிலோன்காரன்". ரெண்டு ஊரும் வெளியூர்க்காரனாவே பார்த்தது.

13/
என் ஓ.பி.யில் வயசானவங்ககிட்ட "சொந்த ஊர் எதும்மா?"ன்னு கேக்கறது வழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரப்பிள்ளைகள் வேலை பார்க்க, கூட வந்து தங்கின பாட்டிகள் சிலர் ஒரு நொடி யோசிச்சுட்டு "எந்த ஊரைச் சொல்ல?"ம்பாங்க. பிறந்தது நுவரெலியா, ரேஷன் கார்டு கூடலூர், தாத்தா ஊர் திருச்சி பக்கம். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம பண்ணினது 1964.

14/
1984-ல் கப்பல் நின்னது. போகவேண்டியவங்க பலர் அங்கேயே தங்கிட்டாங்க. 1988, 2003 சட்டங்கள் மூலமா மிச்சமிருந்தவங்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைச்சது. அதாவது, நேரு ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தோம். நடுவில் போனது ரெண்டு தலைமுறை.

முடிஞ்சதான்னா, முழுசா இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியா வந்தவங்களிலும் மலையகத் தமிழர் உண்டு. முன்னாடி கப்பலேறியவங்க தாயகம் திரும்பியோர். பின்னாடி வந்தவங்க அகதிகள். ஒரே தோட்டம், ஒரே ரத்தம். வந்த வருஷம் மட்டும்தான் வேற.

15/
தீவு கைமாறியதுக்கு ஐம்பது வருஷமா கோபப்படறோம். படலாம், தப்பில்லை. அதே மேஜையில் கைமாறிய மனுஷங்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு கொடுங்க.

உங்க தெருவில் இப்படி வந்த பெரியவங்க இருந்தா உட்கார்ந்து பேசுங்க. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை அவங்க பெட்டியில் இருந்தா, பத்திரமா வைக்கச் சொல்லுங்க, ரெண்டு நகலும் எடுத்துக் கொடுங்க. பேரப்பிள்ளைகளுக்கு ஒருநாள் அது தேவைப்படும்.