முதல் ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போகப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

திங்கட்கிழமை காலை. தலை கனக்கிறது. ராத்திரி யாருக்கெல்லாம் போன் செய்தோம் என்பதே நினைவில்லை. 'இதுதான் கடைசி' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள்.

இப்படியொரு காலை உங்களுக்கோ, உங்கள் ரூம்மேட்டுக்கோ, அண்ணனுக்கோ வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஏ.ஏ. என்றால் என்ன?

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பதன் சுருக்கம். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இருவர் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். குடியில் சிக்கிய ஒருவருடைய கஷ்டம் அதே குழியிலிருந்து ஏறி வந்த இன்னொருவருக்குத்தான் சட்டென்று புரியும் என்பதுதான் அடிப்படை.

'சும்மா உட்கார்ந்து பேசினா குடி போயிடுமா?' என்று கேட்கலாம். 2020-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ-வும் அதில் சேர வழிகாட்டும் சிகிச்சையும் மற்ற முறைகளுக்கு இணையாகவோ, மேலாகவோ இருப்பதாகச் சொன்னது. மேஜிக் இல்லை, ஆனால், வேலை செய்கிறது.

முதலில் டாக்டர்!

தினமும் நிறைய குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். சிலருக்கு வலிப்பு வரலாம்; இல்லாத உருவங்கள் தெரியலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதனால் டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். மீட்டிங் என்பது சிகிச்சைக்குத் துணை. அதற்கு மாற்று இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ.ஏ. இந்தியா அமைப்பின் இணையதளத்தில் ஹெல்ப்லைன் எண் இருக்கும். போனில் பேசுபவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார். தயங்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

* என் ஏரியாவுக்குப் பக்கத்தில் மீட்டிங் எங்கே, எத்தனை மணிக்கு?
* தமிழில் நடக்குமா?
* ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா? (ஓப்பனுக்கு யாரும் வரலாம். க்ளோஸ்டு, குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.)
* பெண்கள் வருவார்களா? பெண்களுக்கான தனி மீட்டிங் உண்டா?

போன் செய்யவே கூச்சமாக இருந்தால் ஆன்லைன் மீட்டிங்கும் உண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 'டெலி மனஸ்' எண் 14416. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மறுவாழ்வு மையங்களிலும் விசாரிக்கலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு வகுப்பறையோ, தேவாலய வளாகத்தில் ஓர் அறையோதான். வட்டமாக நாற்காலிகள், சில இடங்களில் டீ. சுமார் ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து, 'என் பேரு இது, நான் ஒரு குடிநோயாளி' என்று தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அட்வைஸும் பண்ண மாட்டார்கள்.

உங்கள் முறை வந்தால், 'இன்னைக்கு நான் கேட்க மட்டும் வந்திருக்கேன்' என்றாலே போதும். முழுப்பெயர், ஆபீஸ், ஜாதி எதுவும் சொல்ல வேண்டாம். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். புதியவர் காசு போட வேண்டிய கட்டாயமில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். உங்களுக்கும் அது பொருந்தும்.

'கடவுள்னு பேசுவாங்களாமே?' ஆமாம், 12 படிகளில் அந்தச் சொல் வரும். ஆனால், ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் ஆசை மட்டும்தான்.

தெரிஞ்சவங்க யாராவது இருந்தா?

பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பயம் இது. யோசித்துப் பாருங்கள்... அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருக்கிறார்!

ஒரு மீட்டிங் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு முகங்களும் பேச்சும் மாறும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும், வெட்கப்பட்டு ஒதுங்காமல் அடுத்த மீட்டிங்குக்கே போங்கள். திட்ட மாட்டார்கள், அவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

குடும்பத்தினருக்கு...

அப்பாவோ கணவரோ குடிக்கிறார், மீட்டிங்குக்கு வர மறுக்கிறார் என்றால், 1951-ல் தொடங்கிய 'ஆல்-அனான்' என்ற அமைப்பு உங்களுக்காக. அவர் குடியை விடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். 'சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள்' என்ற சுவரொட்டி விளம்பரங்களை மட்டும் நம்பாதீர்கள். சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிரே போகலாம்.

ஏ.ஏ-வில் 'வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்' என்று யாரும் உங்களிடம் சத்தியம் கேட்பதில்லை. 'இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்' என்பதுதான் கணக்கு. நாளைய கதையை நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னைக்கு ஒரு போன் போடுங்க!