டிஸ்கஸும் மலைக்கு அந்தப் பக்கத்து மீனும்

போன மாசம் போடிக்குப் போனப்ப கையில ஒரு எக்செல் ஷீட்டோட போனேன். மாடி ரூம்ல நாலடிக்கு ஒரு மீன் தொட்டி, உள்ள நிறையச் செடி, நடுவுல ஆறு டிஸ்கஸ், கூடத் துணைக்குச் சின்ன மீன்கள். இதுதான் திட்டம். நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை, உயரம் 2 அடி. மொத்தம் 12 கன அடி, ஏறக்குறைய 340 லிட்டர் தண்ணி. தளம் தாங்குமா, கரண்ட் போனா என்ன பண்றது, எல்லாத்துக்கும் ஒரு வரிசை போட்டு வெச்சிருந்தேன். (ஆபீஸ்ல ஆணி பிடுங்கிக் கத்துக்கிட்ட ஒரே உருப்படியான பழக்கம் இதுதான் :-))

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பட்டியலைப் படிச்சார். டிஸ்கஸ் அமேசான். கார்டினல் டெட்ரா ரியோ நீக்ரோ. கோரிடோராஸும் தென்னமெரிக்கா.

"ஏன்டா, உலகத்து மீனெல்லாம் இருக்கு. நம்ம மலையில மீனே இல்லையா?"

"இருக்குப்பா. மிஸ் கேரளான்னு ஒண்ணு. அதையும் நாலு சேர்த்துரலாம்"னு வாயை விட்டேன்.

அந்த ஒரு வரிசையைச் சேர்க்க உட்கார்ந்தவன், ரெண்டு மீனோட வரலாற்றையும் படிச்சுட்டுத்தான் எழுந்தேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல தொட்டியோட கதை சுருக்கமா. 1850-ல ராபர்ட் வாரிங்டன்ங்கற லண்டன் வேதியியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். கண்ணாடித் தொட்டியில தங்க மீன், வாலிஸ்நேரியாங்கற நாடா மாதிரி நீண்ட செடி, கொஞ்சம் நத்தை. செடி ஆக்சிஜன் கொடுக்கும், அழுகின இலையை நத்தை தின்னும், நத்தை முட்டையை மீன் தின்னும். நாம இன்னைக்கு வைக்கிற செடித் தொட்டி எல்லாமே இந்த ஐடியாவோட வாரிசுதான்.

இப்ப டிஸ்கஸுக்கு வரலாம். யோஹன் நாட்டெரர்ங்கற ஆஸ்திரியர் 1817-ல பிரேசில் போனவர், 18 வருஷம் காட்டுலயும் ஆத்துலயும் சுத்தி உயிரினங்களைச் சேகரிச்சு வியன்னா அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அதுல இருந்த ஒரு தட்டையான மீனுக்கு யோஹன் யாக்கோப் ஹெக்கெல் 1840-ல சிம்பைசோடான் டிஸ்கஸ்னு பேர் வெச்சார். தட்டு மாதிரி வட்டமா இருக்கறதால அந்தப் பேர்.

உயிரோட மீன் தொட்டிக்கு வந்து சேர்ந்தது 20-ம் நூற்றாண்டுலதான். வந்ததும் ஒரு சிக்கல். முட்டை போடும், பொரியும், ஆனா குஞ்சு பிழைக்காது. ஏஞ்சல் மீனுக்குச் செய்யற மாதிரி முட்டையைத் தனியாப் பிரிச்சு வளர்த்தவங்க எல்லாரும் தோத்தாங்க. காரணம் என்னன்னா, டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் சாப்பாடு அப்பா அம்மாவோட தோல்! முட்டை பொரியற நேரத்துல ரெண்டு மீனோட உடம்புலயும் ஒரு கொழகொழப்பு சுரக்கும். குஞ்சுங்க கூட்டமாப் போய் அதைக் கொத்தித் தின்னும். அம்மாவுக்குக் களைச்சா அப்பா முறை. ஹில்டமன்ங்கறவர் 1959-ல இதை ஆய்வுக் கட்டுரையா எழுதினார். ரெண்டு வாரம் கழிச்சு, பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கற மாதிரி, பெத்தவங்க மெல்ல மெல்ல விலகி நீந்த ஆரம்பிக்கும்னு 2010-ல வந்த ஆய்வு சொல்லுது.

இந்த ரகசியம் புரிஞ்சதும் நிலைமை மாறிடுச்சு. ஜெர்மனி, அமெரிக்கா, அப்புறம் மலேசியா, தாய்லாந்துன்னு பண்ணைகள் வந்தன. 1990-களோட தொடக்கத்துல தாய்லாந்துல இருந்து பிஜியன் பிளட்ங்கற புது நிறமே வந்தது. இன்னைக்குக் கடையில இருக்கற டிஸ்கஸ்ல பெரும்பாலானது அமேசானைப் பார்த்ததே இல்லை. சென்னை கொளத்தூர்ல கூட வாங்கலாம். மனாஸ் நகரத்துல இருந்து போடிக்கு நேர்கோட்டுல சுமார் 15,000 கிலோமீட்டர். அந்த மீன் எனக்குக் கிடைக்கும்.

இனி மலைக்கு அந்தப் பக்கம். போடிமெட்டு ஏறி இறங்கினா ஏலத்தோட்டம். அதையும் தாண்டி மேற்கே இறங்கினா முண்டக்கயம். எங்க வீட்டுல இருந்து நேர்கோட்டுல 75 கிலோமீட்டருக்குள்ளதான். சென்னை ராணுவத்துல மருத்துவரா இருந்த பிரான்சிஸ் டே, அங்க கிடைச்ச ஒரு மீனை 1865-ல விவரிச்சார். வெள்ளி உடம்பு, தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, அதுக்கு மேல பாதி உடம்பு வரைக்கும் ரத்தச் சிவப்புல இன்னொரு கோடு. அப்ப சென்னை கவர்னரா இருந்த வில்லியம் டெனிசன் பேரை அதுக்கு வெச்சார். அங்க உள்ளவங்க செங்கணியான்னு சொல்றாங்க. மீன் வியாபாரத்துல மிஸ் கேரளா.

நூத்தி முப்பது வருஷம் அதை யாரும் பெருசாக் கண்டுக்கலை. 1997-ல சிங்கப்பூர் அக்வாராமா கண்காட்சியில புது மீன் பிரிவுல மூணாவது பரிசு வாங்குச்சு. அவ்வளவுதான். ஆத்துல வலை விழ ஆரம்பிச்சது. 2005-ல இருந்து 2012 வரைக்கும் அழிவு அபாயத்துல இருக்கற 30 வகை நன்னீர் மீன்கள், 15 லட்சத்துக்கும் மேல, இந்தியாவுல இருந்து ஏற்றுமதியாச்சுன்னு ஒரு ஆய்வு கணக்குப் போட்டுச்சு. அதுல பெரும்பங்கு வகிச்ச மூணு வகையில இந்தச் சிவப்புக் கோட்டு மீனும் ஒண்ணு.

கேரள அரசு சும்மா இல்லை. 2008-ல கட்டுப்பாடு கொண்டு வந்து ஜூன், ஜூலை, அக்டோபர்ல பிடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. ஆனா மீன் முட்டை போடற காலம் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும்னு பிறகு வந்த ஆய்வுல தெரிஞ்சது. காவல் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். 2022-ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினப்ப இந்த மீனும் அட்டவணையில ஏறிடுச்சு. இப்ப நான் ஆசைப்பட்டு நாலு வாங்கி வெச்சா சட்டப்படி தப்பு.

சட்டம் இல்லைன்னாலும் என் தொட்டி அதுக்கு ஒத்து வராதுங்கறது வேற விஷயம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி, அசையாத மாதிரி மெதுவான தண்ணி. செங்கணியானுக்குக் குளிர்ந்த, வேகமா ஓடற ஓடை. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில ஏழரைதான். ஒரே தொட்டியில போட்டா ரெண்டுல ஒண்ணுக்கு நான் எமன்.

எனக்கு உறுத்தினது இதுதான். டிஸ்கஸையும் முதல்ல ஆத்துல இருந்து அள்ளிட்டுத்தான் வந்தாங்க. ஆனா யாரோ சிலர் தொட்டி முன்னாடி உட்கார்ந்து, அது எப்படிப் பிள்ளை வளர்க்குதுன்னு பொறுமையாப் பார்த்தாங்க. நம்ம மீன் எப்ப முட்டை போடும்னு பார்க்கறதுக்கு முன்னாடியே நாம அள்ளி வித்தோம், அப்புறம் தடையும் போட்டோம். இத்தனைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து எல்லாமே எங்களுக்கு வந்திருக்கு. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து ரோப்வேல கொட்டகுடிக்கு இறங்கி போடிக்கு வந்துச்சு. ஏலக்காய் இன்னைக்கும் போடியில ஏலத்துக்கு வருது. 1895-ல இருந்து பெரியாத்துத் தண்ணியே குகை வழியா எங்க மாவட்டத்துக்கு வருது. மீனைப் பத்தின அறிவு மட்டும் வரலை.

கடைசித் திட்டம் இது. ஆறு டிஸ்கஸ், இருபது கார்டினல், அடியில கோரிடோராஸ். சூடு தாங்கற செடிகளா அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் வாள்செடி, இலங்கையில இருந்து வந்த கிரிப்டோகோரைன். எங்க போர் தண்ணி பாத்திரத்துல வெள்ளையாப் படியற ரகம். அதனால மொட்டை மாடி மழைத் தண்ணியைக் கலக்கணும். தண்ணி லேசா நிறம் ஏற நாட்டு வாதுமை இலை நாலு.

மிஸ் கேரளா வரிசையை அழிச்சதை அப்பாகிட்ட சொன்னேன். மறுநாள் காலையில "வாடா"ன்னு குரங்கணிக்குக் கூட்டிட்டுப் போனார். ஓடையில பாறைக்கு நடுவுல விரல் நீளத்துக்கு ஏதோ கூட்டமா எதிர்நீச்சல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. "இது பேரென்னப்பா?"ன்னேன். "சின்ன வயசுல துண்டு போட்டுப் பிடிப்போம். பேரு யாரு கேட்டா?"ன்னார்.

அழிச்ச இடத்துல இப்ப ஒரு புது ஷீட் இருக்கு. தேதி, தண்ணி சூடு, பார்த்த மீன் எத்தனை, குஞ்சு இருந்துச்சா. முதல் வரிசை எழுதியாச்சு. பேர் போடற கட்டம் மட்டும் காலி. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போறப்பவும் ஒரு வரிசை ஏத்தணும்.

டிஸ்கி: டிஸ்கஸ் பதிவுன்னு ஆவலா வந்து ஏமாந்தவங்க மன்னிக்கவும். தொட்டி வெச்சதும் படம் போடறேன் :-)