அபங்கத்தில் செத்த எலிகள்

ஔந்துக்குக் குடிவந்த வருஷம், ஆனி மாசத்தில் பல்லக்கு பார்க்கப் போயிருந்தோம். ஞானேஸ்வரர், துக்காராம் பல்லக்குகளோடு பண்டரிபுரத்துக்கு நடக்கிற கூட்டம். எல்லார் வாயிலும் அபங்கம். நம்மூர் பஜனைகளில் 'விட்டலா, விட்டலா' என்று பாடுவார்களே, அதேதான்.

"அப்பா, இதுல சாமிப் பாட்டு மட்டும்தான் எழுதணுமா?" என்றாள் என் பொண்ணு. கூட வந்த பக்கத்து வீட்டுக் காகா சிரித்துக்கொண்டே ஒரு பேர் சொன்னார்: பா.சி.மர்டேகர்.

யாரென்று தேடிப் படித்தேன். 1909-ல் பிறந்தவர். நம்ம புனே பெர்குசன் காலேஜில் படித்துவிட்டு, ஐ.சி.எஸ். எழுத லண்டன் போனார். தேறவில்லை. திரும்பி வந்து ஆங்கில வாத்தியார் வேலை, பிறகு ஆல் இந்தியா ரேடியோ.

உலகப்போர் முடிந்த சமயம், 1947-ல், 'காஹி கவிதா' (சில கவிதைகள்) வந்தது. ஆங்கிலக் கவிதையில் ஊறியவர் கையில் எடுத்தது என்ன தெரியுமா? துக்காராமின் அபங்கமும், பெண்கள் திருகை சுற்றிக்கொண்டே பாடுகிற 'ஓவி'யும்தான். உள்ளே வைத்ததோ நகரத்து நெரிசலும் இயந்திரமும். பீப்பாயில் நனைந்து செத்துக் கிடக்கும் எலிகளைப் பற்றிக்கூட ஒரு கவிதை!

ஆபாசம் என்று கோர்ட்டில் கேஸ் போட்டார்கள். அவரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். ஆனாலும் எழுத்தை நிறுத்தவில்லை. 1951-ல் வந்த தொகுப்புக்கு 'ஆணகி காஹி கவிதா', அதாவது 'இன்னும் சில கவிதைகள்' என்று பேர் வைத்தார். கேஸிலிருந்து விடுதலையும் ஆனார். 1956-ல், 46 வயதில் காலமானார். அந்த வருஷ சாகித்ய அகாதமி விருது அவருடைய அழகியல் நூலுக்குக் கிடைத்தது.

அதே காலத்தில் ஜப்பானிலும் இப்படி ஒருவர் இருந்தார். 31 அசையில் எழுதும் 'தங்கா' ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. நகாஜோ ஃபுமிகோ என்ற பெண், புற்றுநோயில் மார்பகத்தை இழந்த வேதனையை அதில் எழுதினார். மூத்த கவிஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 1954-ல் புத்தகம் வந்த சில வாரத்திலேயே இறந்துபோனார். வயது 31.

பழைய பாட்டில் பழைய விஷயத்தைத்தான் சொல்லவேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது சனிக்கிழமைகளில் பொண்ணுக்கு வெண்பா சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒன்று எழுதிக் காட்டினாள். ஸ்கூல் வேனில் தமிழில் பேசினதுக்கு மற்ற பிள்ளைகள் சிரித்தார்களாம், அதைப் பற்றி. எனக்கு அதுவரை தெரியாது.

தளை தட்டுகிறது. தட்டட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.