செயற்றிட்டக் கல்வி நம் நாட்டுக்கு வந்த கதை

செயற்றிட்டம் என்றதும் அதனை நேற்று முளைத்த தொல்லையென எண்ணும் மாணாக்கர் நம்முட் பலர் உளர். அஃது அத்துணைப் புதிதன்று. மாணாக்கன் மனமுவந்து மேற்கொள்ளும் ஒரு வேலையை நடுவாக வைத்து மொழியையும் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பயிற்றலாம் என அமெரிக்க அறிஞர் கில்பாற்றிக் 1918இல் எழுதினார். 1937இல் வார்தாவிலே காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்விக்கு ஆதாரமாக்கினார். நம் இலங்கையோ வார்தாவுக்கு ஐந்தாண்டு முந்திக்கொண்டது.

கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலம் அது. 1932இல், கண்டிப் பக்கத்து ஹந்தெஸ்ஸ என்னுங் கிராமத்திலே கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. பயிர்ச்செய்கை, சுகாதாரம், கிராமக் கைத்தொழில் ஆகியவற்றைச் சுற்றியே ஏனைய பாடங்களும் அமைந்தன. பிள்ளைகள் தம் ஊரையே பாடமாகக் கற்றனர்.

இத்துணை நல்ல முயற்சி ஏன் நிலைக்கவில்லை? பெற்றோர் ஐயுற்றனர். பணங்கட்டி ஆங்கிலம் படித்தவன் பிள்ளை கந்தோருக்குப் போக, நம் பிள்ளை மட்டும் மண்வெட்டியோடு நிற்பதா என்பதே அவர்கள் கேள்வி. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இலவசக் கல்வி வந்தது 1945இலேதான்; அதற்கு முன்னர் அக்கேள்விக்கு நேர்மையான விடை எவரிடமும் இருக்கவில்லை.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லாப் பாடசாலைக்கும் கொணர்ந்தது. இம்முறை பணக்காரன் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே பாடம். பழைய மனக்குறைக்கு அது தக்க மருந்தே. ஆயினும் அதே ஆண்டுகளிலேதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் புகுந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏங்கி நின்ற தமிழ் மாணாக்கனிடம் மட்பாண்டம் வனையச் சொன்னால் அவன் மனம் அதிற் செல்லுமா? 1977இல் ஆட்சி மாறவே அத்திட்டமும் மறைந்தது.

பின்னர், 1997இல் தொடங்கிய சீர்திருத்தத்தோடு செயற்றிட்டம் மீண்டும் வந்தது. பாடசாலைமட்டக் கணிப்பீடும் உடன் வந்தது. பல்கலைக்கழக வாயிலைத் திறப்பதோ உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி ஒன்றே. ஆகவே மாலையானால் வெள்ளவத்தை டியூட்டரிகள் நிரம்புகின்றன. செயற்றிட்டமோ கடையிலே அச்சடித்து, அழகிய உறையிட்டு வாங்கப்படுகிறது. ஆசிரியரும் அதனை அறிவார். நாற்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பிலே அவர்தாம் என்ன செய்வார்?

புள்ளி வேண்டாமென நாம் சொல்லவரவில்லை. நாமும் புள்ளி பெற்றே பல்கலைக்கழகம் புகுந்தோம். எனினும் பரீட்சைச் சுமை குறைந்த எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில், ஒரு தவணைக்கு ஒரு வினாவையேனும் மெய்யாக ஆராய இடமுண்டு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் அருகிலேயே இருக்கிறது. சேர் பொன். இராமநாதன் 1907இல் தொடங்கி அதனைக் கருங்கல்லாற் புதுக்கினார். அக்கல்லை வெட்டியவர் யார்? ஒரு தூணின் எடையை எவ்வாறு கணக்கிடலாம்? வரலாறும் கேத்திரகணிதமும் அங்கே ஒன்றாகின்றன. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கோ, மறைந்துபோன நெசவாலை இருக்கிறது. அங்கே எவ்வூரார் வேலைசெய்தனர், எங்கே குடியிருந்தனர், ஆலை மூடியபின் எங்கே போயினர் என்பவற்றைக் கடையில் அச்சடித்து வாங்க முடியாது. முதியோரிடம் போய்க் கேட்டே எழுதவேண்டும். அம்முதியோருட் சிலர் இம்மலரையும் வாசித்துக்கொண்டிருப்பர்.