கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் கரும்புத் தோட்டமும்



வரலாறு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? அரசர்களின் பெயர், போர் நடந்த ஆண்டு, சோதனையில் கேட்கும் கேள்வி. அவ்வளவுதானே! ஆனால் வரலாறு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. பண்டிகைத் தட்டில் வைக்கும் ஒரு சின்னப் பலகாரத்துக்குள்ளே நாலு கண்டத்து மக்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது. "இது என்னடா, பலகாரத்துக்குப் போய் வரலாறா?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எந்தப் பண்டிகை வந்தாலும் வீட்டைத் திறந்து வைத்து, எல்லா இனத்தாரையும் அழைத்து உபசரிப்பது நம் நாட்டு வழக்கம். தீபாவளிக்கு நாம் முறுக்கும் நெய் உருண்டையும் கொடுக்கிறோம். கிறிஸ்துவ நண்பர் வீட்டுக்குப் போனால் கேக்கும் பிஸ்கட்டும் வருகின்றன. நாம் பேசப்போவது அப்படி ஒரு பிஸ்கட்டைப் பற்றித்தான். அது பிறந்த மண் ஜெர்மனி. குறிப்பாக, அந்நாட்டின் தென்மேற்கில் உள்ள சுவாபியா வட்டாரத்தார் இதைத் தங்கள் வீட்டுச் சொத்தாகக் கொண்டாடுவார்கள். அதன் பெயர் 'சிம்ட்ஷ்டெர்ன்'. தமிழில் சொன்னால் 'பட்டை நட்சத்திரம்'.

நட்சத்திரம் எப்படி உருவாகிறது?

இயேசு பிறந்தபோது கீழ்த்திசை ஞானிகளுக்கு வழி காட்டிய விண்மீனின் நினைவாக இதற்கு நட்சத்திர வடிவம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு வாரத்தை ஜெர்மானியர் 'அட்வெண்ட்' என்பார்கள். நம் வீடுகளில் தீபாவளிக்கு முன் முறுக்கு பிழிவது போல, அங்கே அந்த வாரங்களில் தாயும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நின்று பிஸ்கட் சுடுவார்கள்.

இதில் கோதுமை மாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. மூன்று முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, 250 கிராம் மாச்சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அந்த நுரையில் நாலைந்து கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மீதியோடு 300 கிராம் அரைத்த வாதுமைப் பருப்பையும் (நாம் பாதாம் என்கிறோமே, அதுதான்) இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூளையும் போட்டுப் பிசைந்து, ஆற வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நட்சத்திர அச்சால் வெட்டுவார்கள். எடுத்து வைத்த நுரையை மேலே பூசி, 150 பாகைச் சூட்டில் ஒரு கால் மணி நேரம் சுட்டால் வேலை முடிந்தது. மேற்பூச்சு பனியைப் போல் வெள்ளையாகவே இருக்க வேண்டும். மஞ்சள் பூத்துவிட்டால், 'அடுப்பைக் கவனிக்கத் தெரியாதவள்' என்று மாமியார் சொல்லிவிடுவார்! மாமியார் எல்லா நாட்டிலும் மாமியார்தானே!

இன்று ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. தீ விபத்துக்கு அஞ்சி, சுவாபியக் கிராமங்களில் ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டிச் சூளையைக் கட்டி வைத்தார்கள். நம் லயத்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முறை போட்டுக் காத்திருந்துதான் வீட்டுக்கு வீடு சுட்டார்கள்.

இதில் சேரும் பொருள்களைப் பாருங்கள். முட்டை ஒன்றுதான் உள்ளூர்ச் சரக்கு. வாதுமைக்கு வெயில் வேண்டும். மேற்கு ஆசியாவில் தோன்றி, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வேரூன்றிய மரம் அது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித்தான் ஜெர்மனிக்குப் பருப்பு வந்து சேர்ந்தது. பட்டையும் சீனியும் வந்த கதையோ இன்னும் பெரிது. அந்தக் கதையில்தான் நம்மவர்களும் வருகிறார்கள்.

பட்டையின் கதை

உயர்ந்த பட்டை விளையும் பூமி இலங்கை. அதற்காகவே அந்தத் தீவின் மீது மூன்று வல்லரசுகள் கண் வைத்தன. 1505-இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். 1796-இல் ஆங்கிலேயர் வந்தனர். காட்டில் பட்டை உரிக்கும் கடமை 'சலாகம' என்ற சாதியார் மீது சுமத்தப்பட்டது. அவர்களின் முன்னோர் தென்னிந்தியக் கரையிலிருந்து குடியேறியவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

ஒல்லாந்தர் சட்டம் மிகக் கொடியது. கள்ளத்தனமாகப் பட்டை விற்றாலும், செடியை அழித்தாலும் மரண தண்டனை! ஆனால் அதே ஒல்லாந்தர், விலை இறங்கிவிடக் கூடாது என்பதற்காக 1760-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் குவியல் குவியலாகப் பட்டையைக் கொளுத்தினார்கள். உரித்தவன் தொட்டால் குற்றம், முதலாளி எரித்தால் வியாபாரம். இதுதான் அந்தக் காலத்து நியாயம்!

கொழும்பு நகரில் 'கறுவாத்தோட்டம்' என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. கறுவா என்றால் பட்டைதான். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

சீனியின் கதை

கரும்பு நமக்குப் பழைய உறவு. அதியமானின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். சாற்றைக் காய்ச்சி மணி மணியாக எடுக்கும் வித்தையும் இந்திய மண்ணில்தான் பிறந்தது. வடமொழியில் 'சர்க்கரா' என்றார்கள். அது பாரசீகத்தில் 'ஷக்கர்' ஆயிற்று. அரபியில் 'சுக்கர்', இத்தாலியில் 'சுக்கெரோ', ஜெர்மனியில் 'சுக்கர்' என்று ஊர் ஊராக நடந்து போயிற்று. நாம் சர்க்கரை என்கிறோம். ஒரே சொல்தான், பாருங்கள்!

ஆனால் ஐரோப்பாவில் சீனி பல நூற்றாண்டுகள் பணக்காரர் பண்டமாகவே இருந்தது. மருந்துக் கடையில்தான் விற்றார்கள். வாதுமையும் சீனியும் சேர்த்து அரைத்த இனிப்பைக்கூட மருந்துக் கடைக்காரரே செய்தார். வாங்கின சீனியும் கல் போன்ற கூம்பாகத்தான் வரும். இடுக்கியால் உடைத்து, இடித்து, சலித்துத்தான் மாச்சீனி எடுக்க வேண்டும். மொராவியாவில் ஜேக்கப் ராட் என்பவர் கட்டிச் சீனிக்கு உரிமம் பெற்றது 1843-இல்தான்.

அப்படியானால் ஏழை வீட்டுக்குச் சீனி எப்படி வந்தது? இரண்டு வழியில் வந்தது. ஒன்று அறிவின் வழி. மற்றொன்று கண்ணீரின் வழி.

அறிவின் வழியைக் காட்டியவர் பெர்லின் நகரத்து வேதியியல் அறிஞர் மார்கிராஃப். 1747-இல் பீட் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருக்கும் அதே சீனிதான் என்று அவர் கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆக்கார்ட், 1801-இல் சைலீசியாவில் குனெர்ன் என்ற ஊரில் முதல் பீட் சீனி ஆலையை அமைத்தார். 1806-இல் நெப்போலியன் ஆங்கிலேயர் சரக்குக்குத் தடை போட்டதும், கப்பலில் வந்த கரும்புச் சீனி அருகிப் போனது. பீட் கிழங்குக்கு யோகம் அடித்தது. 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகச் சீனியில் பாதிக்கு மேல் பீட் சீனி! சுவாபியாவின் ஏழைத் தாயும் கிறிஸ்துமஸுக்கு வெள்ளைப் பூச்சு பூச முடிந்தது அதனால்தான்.

கண்ணீரின் வழி வேறு. கரும்பு வெட்டவும், சாறு காய்ச்சவும், மற்ற தோட்ட வேலைக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்ட அடிமைகள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர். அவர்களில் மிகப் பலர் போய்ச் சேர்ந்த இடம் கரும்புத் தோட்டம். 1834-இல் ஆங்கிலேயப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சரி, கரும்பை யார் வெட்டுவது? முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் 1834-இல் மொரீஷியசுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும், 1879-இல் பிஜிக்கும் கரும்பு வெட்டப் போனார்கள். அவர்களில் தமிழரும் ஏராளம்.

நம் வீட்டு வாசலில்

மாணவர்களே, இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம் பாட்டன் பூட்டன் வந்தது இரப்பர் மரம் சீவத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரப்பருக்கு முன்னே கரும்பு இருந்தது! அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று அழைக்கப்பட்ட செபராங் பிறையில், நிபோங் திபால், பத்து காவான் பக்கமெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள்தாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். கப்பல் காசு கடனாக நின்றது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனால் சிறை. காய்ச்சலிலும் கொடுமையிலும் மாண்டவர்கள் பலர். மலாயாவில் இந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பு போய் இரப்பர் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சுவாபியத் தாய் பூசிய சீனி பெரும்பாலும் அவர் நாட்டுக் கிழங்கில் எடுத்தது. நிபோங் திபால் சீனி போனது ஆங்கிலேயர் சந்தைக்கு. ஆங்கிலேயர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் மேலே வாதுமைப் பசையும் வெண்சீனிப் பூச்சும் உண்டு. அந்த வெள்ளைப் பூச்சைச் சுவைத்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் இருந்த கறுத்த கைகளை நினைத்திருப்பார்கள்?

அறிந்து சாப்பிடுவோம்

இந்தக் கதை பழங்கதை மட்டுமல்ல. 2006-ஆம் ஆண்டு ஜெர்மனியில் இதே பட்டை நட்சத்திரம் பெரிய செய்தி ஆயிற்று. கடைகளில் விற்ற பிஸ்கட்டுகளில் 'காசியா' என்னும் மலிவான பட்டை சேர்ந்திருந்தது. அதிலுள்ள 'கூமரின்' என்ற பொருள் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது என்று அந்நாட்டு அரசாங்க ஆய்வுக் கழகம் எச்சரித்தது. இலங்கைப் பட்டையில் அந்தப் பொருள் மிகக் குறைவு. அன்று எந்தப் பட்டைக்காக உயிர்கள் போயினவோ, அதையே நல்ல பட்டை என்று தேடி வாங்கினார்கள். தாய்மார்களே, கடையில் பட்டை வாங்கும்போது நீங்களும் பாருங்கள். தாள் போல மெல்லியதாகப் பல சுருள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் அது இலங்கைச் சரக்கு. ஒரே கனத்த சுருளாக இருந்தால் காசியா.

பெற்றோர்களே, இதையெல்லாம் ஏன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்? "எங்க தாத்தா வெறும் கூலிங்க" என்று தலை குனிந்து சொல்லும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கூலியின் கை படாமல் உலகத்தில் ஒரு பண்டிகைத் தட்டும் நிறைந்ததில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால், அது தலை நிமிர்ந்து நிற்கும். படிப்பதிலும் ஓர் உறுதி வரும். தன்மானம் இல்லாத படிப்பு உப்பில்லாப் பண்டம்தானே!

மாணவச் செல்வங்களே! கரும்புக் காலத்து மக்கள் பேசாமலே மறைந்துவிட்டார்கள். இரப்பர்க் காலத்தைக் கண்ட பாட்டியும் தாத்தாவும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குப் பெரட்டு, என்ன சம்பளம், பண்டிகைக்கு என்ன பலகாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பரிசளிப்பு விழாவில் மேடையேறி வாங்கும் பரிசுக்கு அந்த நோட்டுப் புத்தகம் ஒரு போதும் குறைந்ததல்ல. அடுத்த முறை கிறிஸ்துவ நண்பர் வீட்டில் வெள்ளைப் பூச்சுப் போட்ட நட்சத்திரம் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், மகிழ்ச்சியோடு தின்னுங்கள். தின்றுகொண்டே இந்தக் கதையை அந்த நண்பருக்கும் சொல்லுங்கள்.