ஆளவந்தார் கொலை வழக்கு

1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஒரு கொலையும், அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் நடந்த அதன் விசாரணையும் ஆளவந்தார் கொலை வழக்கு எனப்படுகின்றன. கொன்றவர் யார் என்பதற்கு முன்னால் செத்தவர் யார் என்பதே புதிராக நின்ற வழக்கு இது.

ஆளவந்தார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். பிறகு சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையை ஒட்டி பிளாஸ்டிக் சாமான்கள் விற்றார். சேலைகளைத் தவணைக்கு விற்கும் தொழிலும் உண்டு. ஆகஸ்ட் 28 அன்று வெளியே போனவர் வீடு திரும்பவில்லை.

அதையடுத்து, எழும்பூரிலிருந்து அப்போது தனுஷ்கோடிக்குப் போன ‘போட் மெயில்’ ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறத் தொடங்கியது. மானாமதுரையில் அதை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல்.

பிழை இங்கேதான் தொடங்கியது. முதல் பிரேதப் பரிசோதனை வயதைச் சுமார் 25 என்றது. உடலில் சுன்னத்து செய்த அடையாளம் இருந்ததால், இறந்தவர் முஸ்லிம் என்று போலீசார் எண்ணினர். வயதுப் பிழையையாவது ஓரளவு மன்னிக்கலாம். தலையில்லாத உடலில் பல் இல்லை, மண்டையோட்டின் பொருத்துகள் இல்லை; இருபதுகளின் நடுவிலேயே எலும்பு நுனிகள் பெரும்பாலும் இணைந்துவிடுவதால், அதற்கு மேல் வயது சொல்வது தோராயக் கணக்குதான். சுன்னத்து விஷயம் அப்படியல்ல. நோய் காரணமாகவும் அந்தச் சிகிச்சை செய்வதுண்டு. ஒரு தழும்பைப் பார்த்து மதத்தைச் சொன்னது வெறும் ஊகம்.

சென்னையில் காணாமற்போனவரைத் தேடிய போலீசாருக்கு ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் சேர்த்து ஆராய்ந்து, இரண்டும் ஒருவருடையவையே, அவர் நாற்பதைக் கடந்தவர் என்று முடிவு சொன்னார். காதில் இருந்த துளைகளும், வரிசை தப்பி ஏறியிருந்த ஒரு பல்லும் மனைவி அடையாளம் காட்ட உதவின. ராணுவ ஆவணத்தில் இருந்த கைரேகை, பெட்டியில் வந்த உடலின் விரல்களோடு பொருந்தியபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. முகத்தை மறைக்க அத்தனை பாடுபட்டவர்கள் விரல்களை அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

பம்பாயில் பிறந்த பார்சி மருத்துவர் பக் ரக்ஸ்டன், 1935இல் மனைவியையும் பணிப்பெண்ணையும் இங்கிலாந்தில் கொன்ற வழக்கிலும் இதே சிக்கல் எழுந்தது. ஸ்காட்லாந்து ஓடையருகே கிடைத்த துண்டங்களில் ஒன்று ஆணுடையது என்றே முதலில் கருதினார்கள். அங்கே புகைப்படத்தின் மேல் மண்டையோட்டுப் படத்தைப் பொருத்திப் பார்த்தது புகழ்பெற்றது.

ஆளவந்தார் வழக்கில், ராயபுரத்தில் வசித்த ஒரு தம்பதி பம்பாயில் கைதாயினர். மனைவிக்கு ஆளவந்தாருடன் திருமணத்துக்கு முன்பே பழக்கம். அரசுத் தரப்பில் வாதாடியவர் கோவிந்த் சுவாமிநாதன். ஜான்சி ராணிப் படையால் மலாயாத் தமிழர்கள் நன்கறிந்த கேப்டன் லட்சுமியின் உடன்பிறப்பு. நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் நாடகங்களும் எழுதியவர். இறந்தவரின் நடத்தை விசாரணையில் வெகுவாக அலசப்பட்டது. ஜூரிகள் குற்றவாளிகள் என்றனர். கணவருக்கு 7 ஆண்டு கடுங்காவல், மனைவிக்கு 3 ஆண்டு. அக்கொலைக்கு இது இலேசான தண்டனைதான்.

கிள்ளான் பக்கத்து வாசகருக்கு இதன் மறுகோடியாக நினைவுக்கு வரக்கூடியது 2010ஆம் ஆண்டின் சோசிலாவத்தி வழக்கு. பண்டமாரானுக்குத் தெற்கே, பந்திங்கையும் தாண்டிய தஞ்சோங் செப்பாட் தோட்டம் ஒன்றில் சோசிலாவத்தி உள்பட நால்வர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். சாம்பல் ஆற்றில் கரைக்கப்பட்டது. அடையாளம் காட்ட முழு உடல் ஒன்றுகூட இல்லாமல், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2013இல் குற்றவாளிகள் நால்வருக்கு மரண தண்டனை விதித்தது. 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.